ஆறாயிரத்து எண்ணூற்றுப் பதினோராம் படி

மூன்றாம் மாடிக்கு ஏறும் படிகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினெட்டிலிருந்து ஏழாயிரத்து நானூற்று இரண்டாகப் பெருகியிருந்ததை முதலில் கண்டவர் பால் போடுகிற அமலதாஸ். கண்டதும் அவர் கூச்சலிடவுமில்லை, கும்பிடவுமில்லை, மேல் வீடுகளுக்குரிய பாக்கெட்டுகளை ஒரு பையில் போட்டு இரண்டாம் மாடிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, "மேல இருக்கவங்களை வந்து எடுத்துக்கச் சொல்லுங்க, எனக்கு இன்னும் நாலு தெரு இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் கட்டடம் திருச்சியில், காஜாமலைக்குப் பின்னால் இருக்கிறது. தளத்துக்கு இரண்டு வீடு, மேலே மூன்று மாடி, லிப்ட் வைப்பதற்கென்று விட்டுவைத்து இன்றுவரை பழைய சைக்கிள்கள் மட்டுமே வைக்கப்பட்டிருக்கும் ஓர் இடம். வெளியே நின்று பார்த்தால் அன்றைக்கும் அது அதே உயரம்தான். மொட்டைமாடியில் அதே தண்ணீர்த் தொட்டி, அதே கொடியில் அதே போர்வை. உள்ளே போய் இரண்டாம் மாடியிலிருந்து அண்ணாந்தால்தான் படிகள் வளைந்து வளைந்து ஏறி வெளிச்சம் குறைந்த ஓர் உயரத்தில் கண்ணுக்கு எட்டாமல் போவது தெரியும். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தட்சிணாமூர்த்தி சார் ஓய்வு பெற்ற நில அளவையர். அவர் டேப்போடு வந்து உள்ளே அளந்து, வெளியே அளந்து, இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்து, "பத்திரத்துல இருக்க அளவும் தரையில இருக்க அளவும் ஒத்துப்போன எடத்தை என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்ல" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டார். வெளிப்புறமாக ஏணி வைத்து ஏறியிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வைத்தோம். ஏணியின் உச்சிக்கும் மூன்றாம் மாடி பால்கனிக்கும் நடுவே ஒரு முழம் குறைந்தது. பந்தல்காரர்களிடம் இன்னும் நீளமான ஏணி வாங்கி வைத்தோம். அதற்கும் ஒரு முழம் குறைந்தது. மூன்றாவது ஏணியை யாரும் தேடவில்லை.

ஒவ்வொரு படியின் நெற்றியிலும் இரண்டு வரிகள் செதுக்கியிருந்தன: அனுப்பியவர் பெயர், விஷயம். (காலை வைக்கும் பரப்பைப் படி என்கிறோம், அதற்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் முகத்துக்கு எங்கள் பேச்சில் தனிப் பெயர் இல்லாததால், நெற்றி என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.) முதல் படியின் நெற்றியில் 'உங்கள் கணக்கு வெற்றிகரமாகத் தொடங்கப்பட்டது' என்று இருந்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் விளங்கிவிட்டது. அவை மூன்றாம் மாடியில் குடியிருக்கும் செண்பகவல்லி திறக்காமல் விட்டிருந்த மின்னஞ்சல்கள். பழையது அடியில், புதியது அவள் வாசலில். ஒன்றைத் திறந்தால் ஒரு படி குறையும், ஒன்று வந்தால் ஒரு படி கூடும்.

செண்பகவல்லிக்கு முப்பத்தொன்பது வயது, தனியாக இருந்தாள், வீட்டிலிருந்தபடியே ஒரு குக்கர் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். விசில் வரவில்லை, கைப்பிடி ஆடுகிறது, மூடி திறக்க மாட்டேன் என்கிறது என்று வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. நாளுக்கு நாற்பது எழுதுவாள். அவ்வளவு இதமாக எழுதுவாள் என்பதால் சிலர் குக்கர் சரியான பிறகும் இன்னொரு புகாரைக் கண்டுபிடித்து எழுதினார்கள் என்று கேள்வி. கம்பெனிப் பெட்டியில் ஒரு கடிதம் மிச்சமிருக்காது. அங்கே ஒவ்வொரு புகாருக்கும் மேலே ஒரு கடிகாரம் ஓடும், அந்தக் கடிகாரம் அவள் தோளைப் பிடித்து உட்கார வைக்கும். அவளுடைய சொந்தப் பெட்டியில் கடிகாரம் இல்லை.

மருத்துவர் இரண்டு வருடங்களுக்கு முன்பே அவளிடம் ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்லியிருந்தார். தமிழில் அதைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். ஒரே பெயருக்குள் இரண்டு குறை, ஒரு மிகை. பெயர் வைத்தவர் செண்பகவல்லியைப் பார்த்ததில்லை. அவளிடம் கவனம் குறைவாக இல்லை, எக்கச்சக்கமாக இருந்தது. மின்கட்டண ரசீதைத் திறக்கப் போவாள், போகிற வழியில் மீட்டருக்குள் சுற்றும் தகடு என்ன உலோகம் என்று தோன்றும், அதைத் தேடிப் போவாள், அலுமினியம் என்று தெரிந்ததும் அலுமினியம் எதிலிருந்து வருகிறது என்று தேடிப் போவாள், சாயங்காலம் ஆகும்போது உலகத்துப் பாக்சைட் சுரங்கங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது, ரசீது மட்டும் திறக்காமல் கிடக்கும்.

மூன்றாம் மாடியின் இன்னொரு குடித்தனம் நூர்ஜகான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கீழே வந்து சேர்ந்தபோதுதான் எங்களுக்கு முழு விவரம் கிடைத்தது.

"ஆயிரத்து இருநூறு படி துணிக்கடைத் தள்ளுபடி," என்றாள், தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே. "வழவழன்னு இருக்கு, பார்த்து இறங்கணும். அறுநூத்திச் சொச்சம் யோகா. 'இன்றைய பொழுதுக்கு ஒரு மூச்சு'ன்னு போட்டிருக்கு, அடுத்த படியிலயும் அதே மூச்சு. எனக்கு மூச்சு வாங்குது."

"பேங்க் மெயில் இருக்குமே?"

"பேங்க் படி எல்லாம் சிமெண்ட்டு. நல்லாப் பிடிமானம். அப்புறம் அவ காலேஜ் குரூப்புல யாருக்கோ பொறந்தநாள்னு ஒருத்தர் போட்டு, அத்தனை பேரும் அத்தனை பேருக்கும் நன்றி சொல்லியிருக்காங்க. அந்த எடத்துல படி அதே எடத்துல சுத்திச் சுத்திப் போகுது. முக்கா மணி நேரம் நடந்தும் நான் கீழயும் வரல, மேலயும் போகல."

"செண்பகம் என்ன சொல்லுது?"

"அழுவுறா. அப்புறம் ஒரு ஆப் எறக்கியிருக்கேன்க்கா, எல்லாத்தையும் சரிபண்ணிடும்ங்கறா."

அந்தச் செயலி அவள் எத்தனை மின்னஞ்சலைத் திறக்கவில்லை என்பதை நாள்தோறும் ஒரு மின்னஞ்சலில் தெரிவித்தது. அப்படி ஐம்பத்து மூன்று படிகள்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வது சோம்பேறித்தனம். யார் எந்த வரிசையில் பழகினார்கள் என்பதைச் சொல்லவேண்டும். முதலில் பழகியவன் தண்ணீர் கேன் போடும் யேசுராஜ். அவன் ஆயிரம் படிக்கு ஒரு கேன் என்று நடு வழியில் வைத்து, பிறகு கேனுக்கு ஒரு டம்ளர் வைத்து, பிறகு டம்ளருக்கு ஒரு சங்கிலி போட்டான். அடுத்து, சர்க்கரை உள்ளவர்களைச் சாயங்காலம் படி ஏறச் சொல்லி அவர்கள் டாக்டர்கள் எழுதிக் கொடுக்க, பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் கேன்வாஸ் ஷூ போட்ட கூட்டம் வந்தது. நூர்ஜகான் தன் டியூஷனை முந்நூறாவது படியருகே மாற்றிக்கொண்டாள்; அங்கே ஒரு தளம் உண்டாகியிருந்தது. செண்பகவல்லி கடிதங்களைப் பிரித்து அடுக்க 'அவசரம்', 'மிக அவசரம்', 'நிஜமாகவே அவசரம்' என்று மூன்று கோப்புறைகள் ஏற்படுத்தியதில் மூன்று தளங்கள் வந்தன; பெயர் தேர்ந்தெடுக்க அவளுக்கு மூன்று நாள் பிடித்ததால் அவற்றில் வைக்க நேரமில்லாமல் போய், தளங்கள் நல்ல காற்றோட்டமாக இருந்தன. தட்சிணாமூர்த்தி சார் மஞ்சள் பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக ஏறி, பதினோரு நாளில் எல்லாப் படிக்கும் எண் போட்டு முடித்தார். எண் இல்லாத ஒன்றை அவரால் நம்ப முடியாது.

எண் போட்டபோதுதான் அந்த ஒரு படியைக் கண்டுபிடித்தோம்.

ஆறாயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று. தினமும் மாலை ஆறரைக்கு அது இல்லாமல் போகும். மேல்படியும் கீழ்படியும் சத்தமில்லாமல் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். நான்கு நிமிடம் கழித்து மறுபடி விலகி அதற்கு இடம் விடும். நடைக்கு வருபவர்கள் ஆறு இருபத்தைந்துக்கே அந்த இடத்தைத் தாண்டிவிடப் பழகினார்கள். அதன் நெற்றியில் இருந்தது: நல்லசிவம். ஒரே ஒரு கேள்வி.

நல்லசிவம் செண்பகவல்லியின் தம்பி. கரூரில் கொசுவலைத் தறி வைத்திருந்தான். மனைவி இறந்து மூன்று வருடம். பூவிழி என்று ஆறு வயதில் ஒரு மகள். ஆடி மாதம் அவன் எழுதியிருந்ததை, வேறு வழியில்லாமல், நூர்ஜகான் எங்களுக்குச் சொன்னாள்: 'அக்கா, தை மாசம் நெஞ்சில் வால்வு மாற்றப்போகிறார்கள். பிழைத்துக்கொள்வேன் என்றுதான் டாக்டர் சொல்கிறார். இல்லையென்றால் பூவிழியை நீ வைத்துக்கொள்வாயா? போனில் சொல்லாதே. போனில் நீ எல்லாவற்றுக்கும் சரி என்பாய், பிறகு மறந்துவிடுவாய். எழுதிக் கொடு. வக்கீலும் எழுத்தில்தான் கேட்கிறார்.'

"தினமும் ஆறரைக்கு அலாரம் வெச்சு இதைத் திறந்து படிக்கறா," என்றாள் நூர்ஜகான். "படிச்சுட்டு, மறந்துடக்கூடாதுன்னு திரும்பவும் படிக்காததா ஆக்கி வெச்சிடறா."

"ஆமான்னு ஒரு வார்த்தை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் தட்சிணாமூர்த்தி சார்.

"நானும் கேட்டேன் சார். 'வெறும் ஆமான்னு எழுதினா தட்டிக் கழிச்ச மாதிரி இருக்கும்க்கா, உக்காந்து நல்லா எழுதணும்'ங்கறா. நாப்பத்தோரு தடவை ஆரம்பிச்சு வெச்சிருக்கா." பிறகு சொன்னாள்: "நேத்து அடுப்புல பாலை வெச்சு மறந்துட்டா. தீஞ்ச பாத்திரத்தைத் தேச்சுக்கிட்டே சொல்றா, ஒரு மெயிலுக்குப் பதில் போடத் தெரியாதவ ஒரு புள்ளைய எப்படிக்கா வளர்க்கறதுன்னு."

பதில் இல்லாத இடத்தில் எல்லாரும் செய்வதைப்போல ஆலோசனை சொன்னோம். காலையில் பத்து, மாலையில் பத்து என்று திறக்கச் சொன்னோம். கையில் எடுத்ததை முடிக்காமல் கீழே வைக்காதே என்றோம். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்து அழித்துவிடு என்று ஒருவர் சொன்னார். அந்த நேரத்தில் படிகளில் எழுபது பேர் இருந்தார்கள். தானே இறங்கி வந்துவிட அவள் ஏழு தடவை புறப்பட்டாள். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு நெற்றியாகப் படித்து, ஒவ்வொன்றாக நினைவு வந்து, ஒவ்வொன்றுக்கும் வெட்கப்பட்டு, மேலிருந்து இருநூறாவது படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி ஏறிப் போனாள்.

ஐப்பசியில், ஒரு நல்ல நாளில், மாத்திரை நன்றாக வேலை செய்த ஒரு முற்பகலில், துணிக்கடைப் படிகள் ஆயிரத்து இருநூற்றையும் ஒரே வீச்சில் அழித்துவிடுவதாகவும் கீழே இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளும்படியும் அவள் சொல்லி அனுப்பினாள். சங்கம் கூடியது. அந்த ஆயிரத்து இருநூறில் யேசுராஜின் ஒரு கேன் இருந்தது; ஷூக்காரர்கள் கால் நீட்டும் இடம் இருந்தது; எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் ஆயிரத்து இருநூறு போனால் அதற்கு மேலுள்ள மஞ்சள் எண் அத்தனையும் தப்பாகிவிடும். ஒரு மாத அவகாசம் தராமல் எந்தப் படியும் நீக்கப்படலாகாது என்று தீர்மானம் போட்டு, சங்க விதிப்படி எழுத்து மூலமாக, அதாவது மின்னஞ்சலில், அவளுக்கு அனுப்பினோம். அது ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாவது படியாயிற்று.

இதோடு நின்றிருந்தால் எங்களைப் பற்றி நல்லவிதமாகவே எழுதியிருக்கலாம். ஆனால் அந்தத் தீர்மானப் படியைப் பார்க்கப் போன தட்சிணாமூர்த்தி சார் அதன் நெற்றியில் தன் பெயரைக் கண்டார். கல்லில் பெயர் பொறிக்கப்படுவது முன்பெல்லாம் ஊருக்குக் குளம் வெட்டியவனுக்கும் கோவில் விளக்கெரிய ஆடு கொடுத்தவனுக்கும்தான் கிடைத்தது; இப்போது செண்பகவல்லிக்கு ஒரு வரி எழுதினால் போதும் என்று தெரிந்ததும், நாங்கள் எழுதினோம். கீழ்வீட்டுப் புதுமணத் தம்பதி இரண்டு பேர் பெயரும் வரும்படி எழுதினார்கள். ஷூக்காரர்கள் ஆளுக்கொன்று எழுதினார்கள், பிறகு பேரப்பிள்ளைகள் பெயரில் எழுதினார்கள். விஷயம் என்ற இடத்தில் 'வணக்கம்' என்றும் 'நலமா' என்றும் 'சும்மா' என்றும் போட்டோம். எல்லாவற்றின் முடிவிலும் 'பதில் தேவையில்லை' என்று சேர்த்தோம், எங்களுக்கும் நாகரிகம் உண்டு. எங்களில் சிலர், திறந்தால் கல் போய்விடும் என்பதால், 'தயவுசெய்து திறக்கவும் வேண்டாம்' என்று சேர்த்தோம். தை பிறந்தபோது படிகள் ஒன்பதாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று. அவற்றில் ஆயிரத்து நூற்று நான்கு எங்களுடையவை. எல்லாம், எண்ணிப் பார்த்தால், நல்லசிவத்தின் கேள்விக்கும் அவன் அக்காவின் வாசலுக்கும் நடுவில்.

அறுவை சிகிச்சை செவ்வாய்க்கிழமை என்று இருக்க, அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நல்லசிவம் ஒரு தோள்பையும் மகளுமாக வந்து இரண்டாம் மாடியில் நின்றான். இரண்டு மாடி ஏறியதற்கே உதடு நீலம் பாரித்திருந்தது.

"இதுக்கு மேல நீங்க ஏறக்கூடாது தம்பி," என்றார் தட்சிணாமூர்த்தி சார். "அக்காவை இறங்கி வரச் சொல்றோம்."

"அது வராதுங்க. வர்றேன்னு சொல்லும். நெசமாவே வரணும்னுதான் நெனைக்கும்." அவன் அண்ணாந்து பார்த்தான். "எனக்கு எழுத்துல பதில் வேணும். ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. இல்லைன்னா நாளைக்கு நான் எங்க சித்தப்பா வீட்டுல போய்க் கேக்கணும். அவங்க சேத்துக்குவாங்க. பாசமா சேத்துக்குவாங்களான்னு தெரியாது."

பூவிழி முதல் படியின் நெற்றியை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். "உங்... கள்... க... ண... க்கு."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவனை உட்கார வைத்து, நாலு பேர் தூக்கினோம். நூறு படிக்கு ஒரு தடவை ஆள் மாறினோம். யேசுராஜ் முன்னால் போய்த் தண்ணீர் வைத்தான்; ஷூக்காரர்கள் முதல் தடவையாக வேறு ஒரு காரியத்துக்கு உதவினார்கள்; தள்ளுபடிப் படிகளின் வழுவழுப்பில் சாக்கு விரித்தோம், நன்றிச் சுழலில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தோம், யோகா முழுவதும் பூவிழி 'ஒரு மூச்சு, ஒரு மூச்சு' என்று வாசித்துக்கொண்டே வந்ததில் எங்களுக்குச் சேர்ந்து கால் வைக்க ஒரு தாளம் கிடைத்தது. நாலாயிரத்தில் நூர்ஜகானுக்குப் போன் செய்தோம்.

"நாங்க மேல வர்றோம். நீங்க அவங்களைக் கூட்டிக்கிட்டு இறங்குங்க."

"எப்படி இறக்கறது? ரெண்டாவது படியிலயே நின்னு படிக்க ஆரம்பிச்சிடுவாளே."

"படிக்க விடாதீங்க."

நூர்ஜகான் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, தன் துப்பட்டாவை எடுத்துச் செண்பகவல்லியின் கண்ணைக் கட்டினாள்; அவள் போனைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்; கையைப் பிடித்து இறக்கினாள். எங்கள் வணக்கங்களையும் நலமாக்களையும் சும்மாக்களையும் ஒன்றுகூடத் தெரியாமல் மிதித்துக்கொண்டு, "இது யாருக்கா, இது என்னக்கா" என்று ஒவ்வொரு படிக்கும் கேட்டுக்கொண்டு, "கல்லு, வெறும் கல்லு" என்ற ஒரே பதிலை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தடவை வாங்கிக்கொண்டு, அவள் இறங்கி வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். "இங்க எறக்குங்க," என்றான் நல்லசிவம். நாற்காலியிலிருந்து எழுந்து, ஆறாயிரத்து எண்ணூற்றுப் பதினோராம் படியில், தன் பெயரின் மேல், உட்கார்ந்தான். ஆறரைக்கு அந்தப் படி என்ன ஆகும் என்று அவனுக்குச் சொன்னோம்.

"என் மெயில்தானே," என்றான். "இதுல உக்கார எனக்கு யார் சொல்லணும்."

ஆறரை ஆகப்போகிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். நூர்ஜகான் கண்கட்டை அவிழ்த்ததும் செண்பகவல்லி முதலில் பார்த்தது தம்பியின் உதடுகளை. சரியாக அப்போது நூர்ஜகானின் இடுப்பில் அலாரம் அடித்தது.

"எந்திரிடா சிவம், நான் திறக்கணும்."

"திறந்து?"

"படிக்கணும்."

"ஆறு மாசமா படிச்சுட்டுத்தானேக்கா இருக்கே."

"யார் சொன்னா?"

"இந்த பில்டிங்கே சொல்லுது."

அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஆளுக்கொரு நெற்றியைப் படித்தோம்.

"முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிடுக்கா. நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு நாள் இல்ல."

"முடியாதுன்னு இல்லடா. நான் அடுப்புல பாலை வெச்சுட்டு மறக்கறவடா. மாத்திரை போட்டேனான்னு மறந்து, போட்டேனான்னு எழுதி வெச்ச சீட்டையும் மறக்கறவ. நீ என்கிட்டப் போய்..."

"அத்தை," என்றாள் பூவிழி, "எனக்குப் பால் பிடிக்காது."

நல்லசிவம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து ஒரு படி கீழே இறங்கி நின்றான். செண்பகவல்லி போனை வாங்கி, திறந்தாள். படி போயிற்று. மேல்படியும் கீழ்படியும் ஒட்டிக்கொள்ள, அக்காவும் தம்பியும் மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் நின்றார்கள்.

தட்சிணாமூர்த்தி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் நிமிடம் அவள் படித்தாள். இரண்டாம் நிமிடம் எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே கண் விலகியது; "ஆறாயிரத்து எண்ணூத்துப் பன்னெண்டு, புத்தகத்தைத் திருப்பிக் கேக்குதே, இது எந்த லைப்ரரி?" என்றாள், நூர்ஜகான் இரண்டு உள்ளங்கைகளையும் வண்டிக் குதிரைக்குக் கட்டுவதுபோல அவள் கன்னத்தோரம் வைத்து மறைத்தாள். மூன்றாம் நிமிடம் எழுதியதை எல்லாம் அழித்தாள். நாலாம் நிமிடம் வந்தது. எங்கள் காலடியில் கற்கள் விலகத் தயாராவதைப் போல இலேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வை இன்றைக்கும் நாங்கள் பாதத்தில் உணர்வதுண்டு. ஐந்தாம் நிமிடம் வந்தது. கற்கள் அடங்கின.

நல்லசிவத்தின் சட்டைப்பையில் டிங் என்றது. அவன் எடுத்துப் படித்து, மகளிடம் கொடுத்தான். அவள் எழுத்துக்கூட்டினாள், கூட ஏறி வந்த எழுபது பேரும் கேட்டோம்: "வைத்துக்... கொள்கிறேன். பள்ளிக்கு நேரத்துக்கு அனுப்புவேன் என்று மட்டும்... எழுதித் தர முடியாது. இப்படிக்கு, அக்கா."

"வக்கீல் ரெண்டாவது வரியை அடிக்கச் சொல்வாரு," என்றான் நல்லசிவம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அவனை நாங்கள் இறக்கினோம்; பூவிழி அத்தையோடு ஏறினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடாமலேயே, நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவருக்குத் தெரியாது என்ற நினைப்பில், செண்பகவல்லிக்குப் போன் செய்து எங்கள் கடிதத்தைத் திறந்துவிடச் சொன்னோம். குழந்தை பெயர் வாசிக்க, அத்தை திறக்க, அன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள் போயின. அடுத்த நாள் ஒன்பதுதான். பத்தாவதில் யாரோ ஆமைப் படம் இணைத்திருந்ததால் இரண்டு பேரும் நாள் முழுக்க ஆமைகளைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். நடுவில் எங்கெங்கோ மஞ்சள் எண்கள் விட்டுப்போயின. ஆறாயிரத்து எண்ணூற்றுப் பத்துக்கு அடுத்து ஆறாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு வருகிறது. தட்சிணாமூர்த்தி சார் பெயின்ட் டப்பாவோடு அங்கே ஒரு தடவை போனார். அப்படியே திரும்பி வந்தார்.

செவ்வாய்க்கிழமை யாரும் அவளுக்கு எதுவும் எழுதவில்லை. துணிக்கடைக்காரர்கள் எழுதினார்கள், அவர்களுக்கு யார் சொல்வது. சாயங்காலம் தறியில் வேலை பார்ப்பவர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்: முடிந்துவிட்டது, இன்னும் கண் விழிக்கவில்லை. புதன்கிழமையும் அதையே சொன்னார். வியாழக்கிழமை அதையே சொன்னார், ஆனால் மெதுவாகச் சொன்னார். பூவிழி பள்ளிக்கூடப் பையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள் என்றும், அங்கே போகப் பள்ளிக்கூடம் ஏதும் இல்லை, அந்தப் பை அவள் அப்பா வாங்கியது என்றும், அத்தை அவளுக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் நூர்ஜகான் சொன்னாள். வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. நாங்கள் படிகளில் உட்கார்ந்திருந்தோம், எல்லாரும், மேலிருந்து கீழ்வரை, ஷூக்களைக் கழற்றி வைத்துவிட்டு.

சனிக்கிழமை மதியம், சோறு ஆறிக்கொண்டிருந்த நேரம், மூன்றாம் மாடி வாசலில் ஒரு புதுப் படி வந்தது. வெளுப்பாக, ஓரம் சரியாகச் செதுக்கப்படாமல், நடுங்கும் கையால் எழுதினதுபோல இருந்தது. பூவிழிதான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"ந... ல்... ல... சி..." என்று தொடங்கி, மீதியை வாசிக்காமல் அடுத்த வரிக்குத் தாவினாள். "இன்... னும்... ஒரு... கேள்... வி."

செண்பகவல்லியின் கட்டைவிரல் ஏற்கெனவே போனின் மேல் இருந்தது. அவள் வாழ்நாளில் ஒரு கடிதத்தை இவ்வளவு சீக்கிரம் திறக்க நினைத்ததில்லை.

"இரு அத்தை," என்றாள் பூவிழி. "திறந்தா போயிடும்ல?"

"போயிடும்டா."

குழந்தை செருப்பைக் கழற்றினாள். புதுப் படியில் ஒரு காலை வைத்து, அது ஆடுகிறதா என்று பார்த்து, இன்னொரு காலையும் வைத்து, இரண்டு பாதமும் அழுந்த அதன் மேல் நின்றுகொண்டாள். அத்தை விரலை விலக்கிக்கொண்டு காத்திருந்தாள்.